நாலு டிஸ்க் வாங்கியாச்சு, எந்த கேபினட் எடுப்பது?

கேள்வி கேட்டவர் கல்யாண ஃபோட்டோ, வீடியோ எடுப்பவர். பத்து வருஷப் படங்கள் ஒரு டஜன் யுஎஸ்பி டிஸ்குகளில் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வீட்டிலேயே ஒரு ஃபைல் சர்வர் அசெம்பிள் செய்யப் போகிறார். பழைய மைக்ரோ ஏடிஎக்ஸ் (நடுத்தர அளவு) மதர்போர்டு ஒன்று இருக்கிறது. 8 டிபி நாஸ் டிஸ்க் (ஃபைல் சர்வரில் இரவு பகலாக ஓடவென்றே வரும் வகை) நான்கு வாங்கிவிட்டார். கேபினட் மட்டும் பாக்கி. நான்கு டிஸ்க் வைக்கிற சின்னப் பெட்டி போதுமா, எட்டு வைக்கிற மாதிரி எடுக்கலாமா, சர்வரை அணைக்காமல் முன்பக்கத்திலிருந்தே உருவிச் செருகும் ஹாட் ஸ்வாப் தேவையா என்று கேட்கிறார். பெட்டி மாடி அறையில் இருக்கப்போகிறது. அடுத்த அறையில் அவருடைய அம்மா தூங்குவார்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு டிஸ்குக்கு இடமுள்ள, உங்கள் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு உட்காரும் கேபினட் எடுங்கள். ஹாட் ஸ்வாப் உங்களுக்குத் தேவையில்லை. டிஸ்குகளை அடுக்கும் கூண்டுக்கு (கேஜ்) நேர் எதிரே 120 அல்லது 140 மி.மீ. ஃபேன் மாட்ட இடம் இருந்தே ஆக வேண்டும். மற்றதில் எதை விட்டுக்கொடுத்தாலும் இந்தக் கடைசி ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு 3.5 அங்குல டிஸ்க் ஓடும்போது 5 முதல் 10 வாட் வரை சூடாக வெளியே விடும். ஒற்றை டிஸ்க் என்றால் அது ஒரு பொருட்டே இல்லை. நான்கை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சில மி.மீ. இடைவெளி மட்டும் விட்டால் நடுவில் இருக்கும் இரண்டும் பக்கத்து டிஸ்கின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். நம் ஊர் மே மாதத்தில், கான்கிரீட் தளத்துக்குக் கீழே உள்ள மாடி அறையில் 36, 37 டிகிரி சாதாரணம். காற்று ஒழுங்காகப் போனால் டிஸ்க் அதைவிட 8, 10 டிகிரி கூடுதலாகக் காட்டும். போகாவிட்டால் 55-ஐத் தொட்டுவிடும். பெரும்பாலான டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர் போட்டிருக்கும் வரம்பு 60 முதல் 70 வரை. வெளிநாட்டு வீடியோக்களில் ‘இந்தப் பெட்டியில் டிஸ்க் 38 டிகிரிதான்’ என்று காட்டுகிறவரின் அறை 21, 22 டிகிரியில் இருக்கும். நம் வீட்டுக்கு அதோடு 15-ஐக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. சில வருஷங்களுக்கு முன் பார்க்க அழகான, சின்ன, எட்டு டிஸ்க் ஹாட் ஸ்வாப் பெட்டி ஒன்று வாங்கினேன். பக்கவாட்டில் இரண்டு ஃபேன் இருந்தது, கைவைத்தால் காற்றும் நன்றாக வந்தது. ஆனால் கோடையில் நடு டிஸ்குகள் 53 காட்டின. ஏன் என்றே புரியவில்லை. கடைசியில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, பக்கத் தகடு மூடியபடியே பெட்டிக்கு முன்னால் மெல்ல நகர்த்திப் பார்த்தேன். டிஸ்குகளுக்கு நேரே பிடித்தபோது புகை நேராக மேலே போனது. கேஜுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலச் சந்து இருந்தது. அங்கே கொண்டு போனதும் புகை கயிறு போல நீண்டு உள்ளே ஓடியது. ஃபேன் இழுத்த காற்று முழுக்க அந்தச் சந்து வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டிஸ்குகளுக்கு நடுவே ஒன்றுமே போகவில்லை.

மறுநாள் கெட்டியான சார்ட் அட்டையை வெட்டி, டேப் போட்டு, அந்தச் சந்தை அடைத்தேன். அதே ஃபேன், அதே வேகம், டிஸ்க் 45-க்கு இறங்கியது. காற்றுக்கு எப்போதும் எளிய வழிதான் வேண்டும். டிஸ்குகளுக்கு நடுவே போவதைத் தவிர வேறு வழியில்லாமல் செய்துவிட்டால் மெதுவாகச் சுற்றும் ஃபேனே போதும். கேபினட் பார்க்கும்போது ஃபேன் எத்தனை என்று எண்ணுவதை விட, முன் ஃபேனிலிருந்து பின் எக்ஸாஸ்ட் வரை காற்று எந்த வழியாகப் போகும் என்று விரலால் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு டிஸ்குகளுக்கு ஊடே போக வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) ஃபேன் வேகம் பொதுவாக சிபியு சூட்டை வைத்துத்தான் கூடும், குறையும். ஃபைல் சர்வரில் சிபியு பாதி நேரம் சும்மா இருக்கும். அது குளிர்ச்சியாக இருப்பதைப் பார்த்து போர்டு ஃபேனை அடக்கிவிடும். அதே நேரத்தில் டிஸ்குகள் இரவு முழுக்க ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படித்துப் பிழை பார்க்கும் வேலை) ஓடி வெந்துகொண்டிருக்கும். அதனால் டிஸ்குக்கு முன்னால் உள்ள ஃபேன்களை பயாஸில் ஒரே வேகத்தில் நிறுத்தி வையுங்கள். 140 மி.மீ. ஃபேன் என்றால் நிமிஷத்துக்கு 800 சுற்று பக்கம் வைத்துத் தொடங்கலாம். பிறகு கத்திரி வெயில் நாளில், மதியம் 2 மணிக்கு, வேண்டுமென்றே ஒரு ஸ்க்ரப் ஓட்டி, இரண்டு மணி நேரம் கழித்து ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) காட்டும் சூட்டைப் பாருங்கள். 48-க்குக் கீழே நின்றால் அந்த வேகம் போதும்.

அதற்காக 30 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஏசி போட்டு வைக்கத் தேவையில்லை. கூகுள் 2007-ல் தன்னிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், நடுத்தரச் சூட்டில் இருந்த டிஸ்குகள் குளிர்ச்சியாக இருந்தவற்றை விட அதிகம் கெட்டுப்போகவில்லை. மிக அதிகச் சூட்டிலும், வயதான டிஸ்குகளிலும்தான் வித்தியாசம் தெரிந்தது. 40-க்கும் 44-க்கும் நடுவே கவலைப்பட ஒன்றுமில்லை. 50-க்கு மேல் மாதக்கணக்கில் ஓடுவதுதான் பயம்.

இப்போது எத்தனை டிஸ்குக்கு இடம் என்பது. நான்கு டிஸ்குக்கு நான்கு இடம் என்று வாங்கினால் முதல் டிஸ்க் தகராறு செய்கிற நாளில் கை கட்டிப்போகும். இசட்எஃப்எஸ் என்ற, பல டிஸ்கை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ஃபைல் சிஸ்டத்தில் பழைய டிஸ்கைக் கழற்றாமலே பக்கத்தில் புதியதை மாட்டி, மாற்றச் சொல்லலாம். பழையது பாதி படிக்க முடிந்தாலும் அந்தப் பாதி உதவும். அதற்கு ஒரு காலி இடம் வேண்டும். காலி இடம் இல்லாதவர், இன்னும் உயிரோடு இருக்கும் டிஸ்கை உருவிவிட்டு, மிச்சமுள்ளவை தாங்குமா என்று விடிய விடிய விழித்திருக்க வேண்டும். கல்யாண வீடியோ எடுக்கிறவருக்கு இடமும் சீக்கிரம் நிறையும். முன்பெல்லாம் இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு இசட் தொகுப்பில் (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா பிழைக்கும்படி சேர்த்தது) ஒரே ஒரு டிஸ்கைக் கூடுதலாகச் சேர்க்க வழியில்லை. 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3 பதிப்பிலிருந்து அது முடியும். இன்று நான்கோடு தொடங்கி, அடுத்த சீசன் வருமானத்தில் ஐந்தாவது, அதற்கடுத்து ஆறாவது என்று போகலாம். எட்டு இடம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எட்டு இடம் இருந்தால் அவற்றைச் செருக போர்டில் எட்டு சாட்டா போர்ட்டும் வேண்டுமே என்பீர்கள். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டில் நான்கோ ஆறோதான் இருக்கும். ஆறுக்கு மேல் போகும்போது எல்எஸ்ஐ 9211-8ஐ மாதிரி பழைய எச்பிஏ கார்டு (கூடுதல் டிஸ்க் போர்ட் தரும் கார்டு) ஒன்று, ஐடி மோடுக்கு (டிஸ்குகளை அப்படியே காட்டும் முறைக்கு) மாற்றியதாக வாங்கிக்கொள்ளலாம். அது சர்வர் பெட்டியின் பேய்க்காற்றை நம்பி வடிவமைத்த கார்டு, வீட்டுக் கேபினட்டில் ஹீட்சிங்க் கை வைக்க முடியாத அளவு சுடும். கார்டு ஸ்லாட் பக்கமும் கொஞ்சம் காற்று வரும் கேபினட்டாகப் பாருங்கள், அல்லது ஹீட்சிங்க் மேல் ஒரு 40 மி.மீ. ஃபேன் மாட்டுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் 8 டிபி டிஸ்கில் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். அங்கே அதைக் கவிழ்த்துப் பிடித்து ஸ்க்ரூ துளைகளைப் பாருங்கள். பழைய டிஸ்குகளில் அடிப்பக்கம் நான்கு துளை இருக்கும். இரண்டு கனெக்டர் பக்கம், இரண்டு ஏறக்குறைய நடுவில். பெரிய கொள்ளளவு டிஸ்குகள் வந்தபோது உள்ளே தட்டுகள் கூடி இடம் போதாமல் போனது. பலவற்றில் அந்த நடுத் துளைகளை எடுத்துவிட்டு மறுமுனைப் பக்கம் தள்ளி வைத்துவிட்டார்கள். கனெக்டர் பக்கத்திலிருந்து அளந்தால், முதல் ஜோடிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே முன்பு 44.45 மி.மீ., இப்போது 76.2 மி.மீ. சிலவற்றில் பக்கவாட்டு நடுத் துளையும் கிடையாது. கொஞ்சம் பழைய வடிவமைப்பு கேபினட்டின் தட்டில் நடுத் துளைக்குத்தான் ஓட்டை இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் நான்கு ஸ்க்ரூவில் இரண்டுதான் ஏறும், டிஸ்க் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருக்கும். கடையிலேயே ஒரு தட்டைக் கழற்றி உட்கார வைத்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் ஆகாது.

டிஸ்கைத் தட்டில் வைத்துப் பார்க்கும்போதே கனெக்டருக்குப் பின்னால் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்றும் பாருங்கள். பல கேபினட்டுகளில் பக்கத் தகட்டை மூடும்போது சாட்டா கேபிளின் கழுத்து மடங்கும். நேர் கேபிளுக்கு இடம் போதாத இடத்தில் எல் வடிவத் தலை உள்ள கேபிள் வாங்க வேண்டும். மடங்கிய கேபிள் உடனே நின்றுவிடாது. ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் வரி, சிஆர்சி பிழை (கேபிளில் டேட்டா சிதைந்த) எண்ணிக்கை, மெல்ல ஏறிக்கொண்டே போகும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஹாட் ஸ்வாப் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், உங்கள் சர்வரை பத்து நிமிஷம் அணைத்து வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வசதிக்காக வரும் பேக்ப்ளேன் என்ற அட்டை டிஸ்குகளுக்கு நேர் பின்னால் சுவர் போல நிற்கும். அதில் உள்ள சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகத்தான் காற்று போக வேண்டும். நான் மேலே சொன்ன சிக்கலின் பாதி அங்கேதான் தொடங்குகிறது. பேக்ப்ளேனுக்கு ஒட்டிப் பின்னால் பெரிய ஃபேன் வைத்து, சுற்றிலும் சந்து இல்லாமல் செய்த பெட்டிகளில் இது ஓரளவு சரியாகிவிடும். வயர் குழப்பம் இல்லை என்பது அதன் உண்மையான நன்மை. அடிக்கடி டிஸ்க் மாற்றுகிறவருக்கு அது பெரிய விஷயம்தான்.

சத்தத்துக்கு வருகிறேன், அம்மா தூங்குகிறார் என்றீர்களே. 7200 சுற்று டிஸ்க் நொடிக்கு 120 முறை சுழல்கிறது, 5400 சுற்று டிஸ்க் 90 முறை. அந்த முனகல் தனியாகக் கேட்டால் மெல்லியது. ஆனால் நான்கு டிஸ்க் மிகமிக நுண்ணிய வேக வித்தியாசத்தோடு ஓடும்போது சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வண்டு ரீங்காரம் போல வரும். இரவில் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான், ஃபேன் சத்தம் இல்லை. ஸ்க்ரூவுக்கும் தட்டுக்கும் நடுவே ரப்பர் வாஷர் உள்ள கேபினட் எடுத்தால் அது தகட்டுக்குப் போகாது. மெல்லிய தகடு கேபினட் மத்தளம் போல அதைப் பெரிதாக்கும். கடையில் பக்கத் தகட்டைக் கழற்றி விரலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று நீண்டு ஒலித்தால் வேண்டாம். இரும்பு பீரோ மேல், மர அலமாரி மேல் வைக்காமல் தரையில் கெட்டியான ரப்பர் விரிப்பு போட்டு வைப்பது நல்லது.

அதிர்வு டிஸ்குகளையே பாதிக்கும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த பிரெண்டன் கிரெக் 2008-ல் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முகத்துக்கு நேரே நின்று கத்திக் காட்டினார். அந்தக் கணத்தில் டிஸ்குகள் பதில் தர எடுத்துக்கொண்ட நேரம் கிராஃபில் எகிறியது. மனிதக் குரலுக்கே அப்படி என்றால், பக்கத்துப் பக்கத்தில் இறுக்கி மாட்டிய எட்டு டிஸ்க் ஒன்றையொன்று எவ்வளவு உலுக்கும்! நாஸ் டிஸ்குகளுக்கு ‘இத்தனை பே வரை’, அதாவது இத்தனை டிஸ்க் வைக்கும் பெட்டி வரை, என்று போடுவது இதனால்தான். சீகேட் ஐயர்ன்வுல்ஃப் என்றால் 8 பே வரை, அதன் ப்ரோ வகை 24 பே வரை. உங்கள் நான்கும் எட்டுப் பே பெட்டியில் தாராளமாக இருக்கலாம்.

பெயர் சொல்லுங்கள் என்றால், உங்கள் போர்டுக்கு நான் முதலில் பார்ப்பது ஃபிராக்டல் டிசைன் நோட் 804. கனசதுரம் மாதிரி இருக்கும். நடுவே சுவர் வைத்து, போர்டு ஒரு பக்கம், டிஸ்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) மறுபக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். நான்கு நான்காக எட்டு டிஸ்க் மேலிருந்து தொங்கும், முன் ஃபேன் காற்று நேராக அவற்றின் மேல் வரும். ஒரு டிஸ்கை மாற்ற வேண்டுமென்றால் கேஜையே தூக்கி எடுக்க வேண்டும் என்பதுதான் அதில் சிரமம். இடம் பிரச்சினை இல்லையென்றால் அதே கம்பெனியின் டிஃபைன் ஆர்5 டவர் பழையதாகக் கிடைத்தாலும் விடாதீர்கள். எட்டுத் தட்டு, ரப்பர் வாஷர், கனமான தகடு, முன்னால் 140 மி.மீ. ஃபேன். டிஃபைன் 7 இன்னும் நிறைய டிஸ்க் தாங்கும், ஆனால் பெட்டியோடு வருவது ஆறு தட்டுதான். மிச்சத்தைத் தனியாக வாங்க வேண்டும். ஜோன்ஸ்போ என்4 சின்னதாக, பார்க்க அழகாக இருக்கும், மைக்ரோ ஏடிஎக்ஸும் உட்காரும். அதில் 3.5 அங்குல டிஸ்க் ஆறுதான் வைக்கலாம், எஸ்எம்பிஎஸ்ஸும் சின்ன எஸ்எஃப்எக்ஸ் அளவில் வாங்க வேண்டும். நோட் 304, ஜோன்ஸ்போ என்3 இரண்டும் மைக்ரோ ஏடிஎக்ஸை விடச் சின்ன மினி ஐடிஎக்ஸ் போர்டுக்கு மட்டும், உங்களுக்கு ஆகாது.

சென்னை ரிச்சி தெருவில் இப்போது வரிசையாகத் தொங்கும் கண்ணாடி முகப்பு கேமிங் கேபினட்டுகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் அடித்தட்டில் இரண்டு டிஸ்குக்குத்தான் பெரும்பாலும் இடம், அங்கே காற்றும் போகாது. அதைவிட உங்கள் வீட்டுப் பரணில் டிவிடி டிரைவ் காலத்துப் பழைய டவர் ஒன்று கிடந்தால் எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள். மூன்று 5.25 அங்குல இடம் அடுத்தடுத்து இருந்தால் அதில் நான்கு டிஸ்க் வைக்கிற கேஜ் ஒன்றை 120 மி.மீ. ஃபேனோடு மாட்டலாம். அதே இடத்தில் ஐந்து வைக்கிற கேஜும் உண்டு. ஆனால் அதில் டிஸ்குகள் நெருக்கியடித்து நிற்கும், சின்ன ஃபேன் வேகமாக இரைச்சலோடு சுற்ற வேண்டியிருக்கும், அதனால் நான்குதான் நல்லது. சில டவர்களில் ஒவ்வொரு இடத்துக்கும் நடுவே தகட்டிலிருந்து மடித்துவிட்ட சிறு நாக்குகள் நீட்டிக்கொண்டிருந்து கேஜை உள்ளே விடாது. இடுக்கியால் அவற்றைச் சமமாகத் தட்டிவிட்டால் போதும்.

ரேக் பெட்டி (சர்வர் அறை அலமாரியில் அடுக்கும் பெட்டி) பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாராவது பழைய 24 டிஸ்க் சர்வர் பெட்டி மலிவு என்று ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த அறையில் ஆள் தூங்க முடியாது.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் ஒரு கணக்கு. டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகள் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். எட்டு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் அதற்கே 190 வாட் பக்கம். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் தாங்கும், ஆனால் எட்டையும் ஒரே வயரில் கோக்காதீர்கள், இரண்டு வரிசையாகப் பிரியுங்கள். சாட்டா தலை போதவில்லை என்று பழைய நான்கு பின் மோலெக்ஸ் பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் வாங்கினால், பிளாஸ்டிக்கை உருக்கி வயரோடு சேர்த்து வார்த்த வகை வேண்டவே வேண்டாம். உள்ளே வயர்கள் நகர்ந்து ஒட்டிக்கொண்டு தீப்பிடித்திருக்கின்றன. தலையைத் திறந்து பார்க்கும்படி, வயரைப் பல் கவ்வியிருக்கும் வகையே எடுங்கள்.

உங்களிடம் உள்ள பழைய யுஎஸ்பி டிஸ்குகளை உடைத்து உள்ளே இருப்பதை மாட்டலாமா என்ற எண்ணமும் வரும். காப்பி எடுத்து முடிந்த பிறகு, 3.5 அங்குலப் பெரியவற்றை மட்டும் பாருங்கள். சிலவற்றில் புதிய சாட்டா விதிப்படி, மூன்றாவது பவர் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் சுற்றாமலே இருக்கும். டிஸ்க் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த ஒரு பின் மேல் காப்டன் டேப் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) ஒட்டினால் ஓடும்.

முன்பக்க வலையைக் கழற்றிக் கழுவும்படி இருக்கிறதா என்று பார்ப்பது நம் ஊர்த் தூசிக்குக் கட்டாயம். மாதம் ஒருமுறை கழுவுங்கள், அடைத்த வலை ஃபேன் இல்லாததற்குச் சமம். பின்னால் கார்டு மாட்டாத ஸ்லாட்டுகளின் மூடியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், பல்லியும் கரப்பானும் அந்த வழியாகத்தான் சூடு தேடி உள்ளே வரும்.

எல்லாம் மாட்டும் நாளில் செய்ய ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் நம்பரில் கடைசி நான்கு எழுத்தை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி, மாட்டிய பிறகும் கண்ணுக்குத் தெரியும் விளிம்பில் ஒட்டுங்கள். கேஜின் படத்தை ஒரு தாளில் வரைந்து, எந்த நம்பர் எந்த இடத்தில் என்று குறித்து, பக்கத் தகட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். ஒருமுறை டிஸ்க் கெட்டுப்போன பதற்றத்தில் நான் உருவியது நன்றாக இருந்த பக்கத்து டிஸ்கை. அந்த ஸ்டிக்கர் அப்போது என்னிடம் இல்லை.